நிற்கிற காருக்கு ரிமோட் ஸ்டார்ட்: எந்தப் பெட்டியை ரேக்கில் வைப்பது?

புதுக்கோட்டையில் கார் ஆக்சஸரீஸ் கடை போடப்போகிற தம்பி ஒருவர், "ரிமோட் ஸ்டார்ட்ல எந்த பிராண்ட எடுத்து வைக்கலாம்ணே? டீலர் விலை குறைச்சிருக்காரு" என்று கேட்டார். வண்டியில் ஏறாமலே ரிமோட்டை அழுத்தி எஞ்சினை ஓடவிடுகிற கிட்தான் ரிமோட் ஸ்டார்ட். போனில் சொன்னது பாதிதான், மீதி இங்கே.

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்து வண்டிகளில் நாங்கள் பொருத்துவது இரண்டு வகைக் கிட். ஒன்று அமெரிக்கா, கனடா சந்தைக்கென்று செய்த இருவழி ரிமோட் கிட். இன்னொன்று டில்லி கரோல் பாக் வழியாகவோ சென்னை ஜி.பி. ரோடு வழியாகவோ வருகிற சீனக் கிட். உள்ளே கிட்டத்தட்ட ஒரே மாதிரிப் போர்டு, மேலே லாட்டுக்கு ஒரு பேர். பேர் போட்டு எழுதினால் வம்பு. முதலாவதை விலைப்பெட்டி என்றும் இரண்டாவதை சீனப்பெட்டி என்றும் வைத்துக்கொள்வோம்.

அங்கே பனியில் எஞ்சினைச் சூடாக்கச் செய்த சாமானை நாம் வாங்குவது ஏசிக்காக. மத்தியானம் இரண்டு மணிக்கு ஸ்டீயரிங்கைத் தொட முடியாத ஊரில் இது நியாயமான ஆசை. ஆனால் ஏசி ஓட எஞ்சின் ஓடினால் மட்டும் போதாது. பல வண்டிகளில் புளோயருக்குக் கரண்ட் இரண்டாவது இக்னிஷன் லைனில் போகிறது. கிட்டில் இக்னிஷன் அவுட்புட் ஒன்றே ஒன்று இருந்தால் எஞ்சின் ஜம்மென்று ஓடும், உள்ளே அனல் அப்படியே நிற்கும். இக்னிஷன் இரண்டு, ஆக்சஸரி ஒன்று, செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) ஒன்று என நான்கு அவுட்புட் இல்லாத பெட்டியைத் தொடவே வேண்டாம். திருகு வகை ஏசி சுவிட்ச் என்றால் ஆனில் விட்டுவிட்டுப் போகலாம். பட்டன் வகையில் சில வண்டி கடைசி நிலையை ஞாபகம் வைத்துக்கொள்ளும், சில வைத்துக்கொள்ளாது. அட்வான்ஸ் வாங்குமுன் வண்டியில் ஆஃப் செய்து ஆன் செய்து பார்த்துவிடுங்கள்.

விலைப்பெட்டியில் மனம் குளிர்வது அதன் இருவழி ரிமோட்தான். வெளியூர்க்காரர்களுக்கு இதன் அருமை புரியாது. இங்கே வீட்டு முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நடுவே வளவு, இரண்டாங்கட்டு, கனமான சுண்ணாம்புச் சுவர்கள். கார் ஷெட் கடைசியில். ஒருவழி ரிமோட்டை முகப்பில் நின்று அழுத்தினால் வண்டி எடுத்ததா இல்லையா என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும். அப்புறம் ரிமோட் எதற்கு? இருவழி ரிமோட் எஞ்சின் பிடித்ததும் ஒரு பீப் கொடுக்கும், பிடிக்காவிட்டால் வேறு சத்தம், எத்தனை நிமிஷம் பாக்கி என்பது திரையில். வயர் ஒவ்வொன்றின் மேலும் அது எதற்கென்று அச்சிட்டிருப்பதும், ரிலேக்கள் சூடேறாமல் இருப்பதும் அதோடு சேர்த்துச் சொல்லவேண்டிய நல்ல குணங்கள்.

ஒரு எச்சரிக்கை. அந்தச் சந்தையின் நீளத்தூர ரிமோட்டுகள் பல 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் பேசும். அங்கே அதற்கு உரிமம் வேண்டாம். இங்கே 890 முதல் 915 வரை செல்போன் கம்பெனிகளுக்குரிய பட்டை. பெட்டியில் 433 என்று போட்ட மாடலைக் கேட்டு வாங்குங்கள். மைல் கணக்கு குறையும், நமக்கு வேண்டியது இரண்டு தெரு நீளம்தான்.

இனி எரிச்சலுக்கு வருகிறேன். பொருத்திய வண்டிகளில் திரும்பி வருவது பெரும்பாலும் ஒரே புகாரோடுதான்: "பேட்டரி இறங்கிப்போச்சு." செட்டிநாட்டில் பாதிக் கார் ஓடுவதற்கு நிற்பதில்லை, நிற்பதற்கே நிற்கிறது. முதலாளி சென்னையிலோ சிங்கப்பூரிலோ. முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வரும்போதுதான் கவரை உருவுவார்கள். அந்த வண்டிக்கு ரிமோட்டின் தூரம் இரண்டாம்பட்சம். கிட் தூங்கும்போது எத்தனை மில்லி ஆம்பியர் குடிக்கிறது என்பதுதான் கேள்வி, அதை எந்த டீலரும் பெட்டியில் அச்சிடுவதில்லை.

கணக்கைப் பாருங்கள். சின்ன பெட்ரோல் கார் பேட்டரி 35 ஆம்பியர்-அவர். பாதிக்குக் கீழே இறங்கினால் செல்ஃப் எடுக்கத் திணறும், ஆக நம் கையில் இருப்பது 17.5. வண்டி தானாகக் குடிப்பது 20 மில்லி ஆம்பியர் என்றால் 875 மணி நேரம், அதாவது 36 நாள். அதில் 5 மில்லி ஆம்பியர் கிட்டைச் சேர்த்தால் 29 நாள். 12 என்றால் 23 நாள். கிட்டும், செல்போனிலிருந்து இயக்குவதற்கான அதன் சிம்கார்டு யூனிட்டும் சேர்ந்து மொத்தம் 90-க்கு ஏற்றிவிட்டால் எட்டே நாள். பழைய பேட்டரி, சித்திரை வெயில் என்றால் இதிலும் குறையும். பேட்டரி ஆராய்ச்சிக்குப் பேர்போன சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வகம்) இருக்கிற காரைக்குடியில் ஆறு பேர் சேர்ந்து காரைத் தள்ளுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

விலைப்பெட்டியைத் தனியாக அளந்தால் 12-க்குப் பக்கத்தில் நிற்கிறது. அது குற்றமில்லை. அதோடு ஜோடி சேர்க்கச் சொல்லும் டேட்டா மாட்யூல்தான் வில்லன். சரியான சிப் சாவி இல்லாமல் எஞ்சினை எடுக்கவிடாத இம்மொபிலைசரைத் தாண்டுவதற்காக அதை வண்டியின் கேன் லைனில், அதாவது வண்டியின் கம்ப்யூட்டர் மாட்யூல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வயரில், கோர்க்கிறோம். அது விட்டுவிட்டு அந்த லைனில் ஏதாவது பேசிக்கொண்டே இருந்தால் வண்டியின் சொந்த மாட்யூல்களும் தூங்காது. தூங்காத வண்டி நூற்றுக்கணக்கான மில்லி ஆம்பியர் இழுக்கும். மூன்றாவது நாளே வண்டி செத்துக் கிடக்கும், வாடிக்கையாளர் பேட்டரிக் கடைக்காரரைத் திட்டுவார், பேட்டரிக்காரர் நம்மைக் கைகாட்டுவார். கம்பெனியைக் கேட்டால் புது ஃபர்ம்வேர் (மாட்யூலின் உள் மென்பொருள்) ஏற்றச் சொல்கிறார்கள். ஏற்றுவதற்குத் தனி கேபிளும் டீலர் லாகினும் வேண்டும், லாகின் அவர்கள் ஊர் டீலருக்கு மட்டும். போதாக்குறைக்கு மாட்யூலின் வண்டிப் பட்டியல் அமெரிக்கா, கனடாவுக்கு எழுதியது. வேகன்-ஆர், எர்டிகா, பொலேரோ எல்லாம் அங்கே விற்கிற வண்டியே இல்லை.

அளக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன், இதில்தான் புதுப் பையன்கள் சொதப்புவார்கள். கதவு, டிக்கியை மூடுங்கள். பானெட்டைத் திறந்தே வைத்து அதன் லாட்சை மட்டும் ஸ்குரூடிரைவரால் அழுத்தி மூடுங்கள். கிட்டுக்குத் தனி பானெட் சுவிட்ச் போட்டிருந்தால் அதையும் அழுத்திக் கட்டுங்கள். மல்டிமீட்டரை 10 ஆம்பியர் சாக்கெட்டில் போட்டு, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் கட்டையிலும் மறுமுனையை நெகட்டிவ் கேபிளிலும் பிடித்த பிறகுதான் கேபிளைக் கழற்ற வேண்டும். நடுவே தொடர்பு அறுந்தால் மாட்யூல்கள் எழுந்துவிடும், எண் பொய்யாகும். ரிமோட்டில் பூட்டி அரை மணி நேரம் வண்டியைத் தொடாதீர்கள். மீட்டர் கோத்திருக்கும்போது இக்னிஷன் போட்டால் மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். அரை மணி கழித்து 50-க்கு மேல் நின்றால் எங்கோ விழித்திருக்கிறது. ஃப்யூஸைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்க்காமல், ஒவ்வொரு ஃப்யூஸின் முதுகிலும் தெரிகிற இரண்டு புள்ளிகளில் மில்லிவோல்ட் வைத்துப் பாருங்கள். எண் காட்டுகிற லைன்தான் திருடன்.

மாட்யூல்தான் காரணம் என்றால் ஒரு வழி உண்டு. கிட்டில் "எஞ்சின் ஓடும்போது மட்டும் எர்த்" என்று ஒரு மெல்லிய வயர் வரும். அதைக்கொண்டு ஒரு ரிலேயை இயக்கி, மாட்யூலின் சப்ளையை அந்த ரிலே வழியாகக் கொடுத்தால் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் அது விழிக்கும். ரிலே காயிலுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு போட மறக்கக் கூடாது. பூட்டுவதும் திறப்பதும் அதே மாட்யூல் வழியாகப் போகிற வண்டியில் இந்த வழியும் அடைபடும்.

எங்கள் வண்டிகளுக்கு ஒத்துவருவது பழைய முறைதான்: சிப் சாவியை ஒரு சின்ன டப்பாவில் வைத்து, இக்னிஷன் சிலிண்டரைச் சுற்றி மெல்லிய வயர் எட்டுப் பத்துச் சுற்று, நடுவே ரிலே. அந்த ரிலே ரிமோட் ஸ்டார்ட்டின்போது மட்டும் சேர வேண்டும். நேராகக் கோர்த்துவிட்டால் இம்மொபிலைசர் இருந்தும் இல்லாத மாதிரி. வாடிக்கையாளரின் ஸ்பேர் சாவியை வாங்கி டாஷ்போர்டுக்குள் புதைக்காதீர்கள். வண்டி திருடு போனால் இன்சூரன்ஸ்காரர் இரண்டு சாவியையும் கேட்பார். மூன்றாவதாக ஒரு சிப் செய்து, பல்லில்லாத சிப்பை மட்டும் உள்ளே வையுங்கள்.

பேட்டரி இறங்கும் புகாருக்கு மருந்தாக இரண்டு பெட்டியிலும் ஒரு வசதி உண்டு: வோல்ட் குறைந்தால் தானாக ஸ்டார்ட் ஆகிப் பத்துப் பதினைந்து நிமிஷம் ஓடும். வெளிநாட்டில் இருப்பவர்கள் இதைத்தான் ஆசையாகக் கேட்பார்கள். செய்து கொடுக்காதீர்கள். கதவு மூடிய ஷெட்டில் ஆளில்லாமல் ஓடும் எஞ்சின் விடுகிற கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. ஷெட்டை ஒட்டிய அறையில் காவல்காரர் படுத்திருப்பார். பொருத்தும்போதே அந்த வசதியை அணைத்து, பில்லிலும் எழுதிவிடுங்கள். நிற்கிற வண்டிக்கு ஷெட்டில் ஒரு பிளக் பாயிண்டும் தானாக நிறுத்திக்கொள்ளும் சார்ஜரும் போதும். அதற்கும் வசதியில்லை என்றால் நெகட்டிவைக் கழற்றி வைக்கலாம்.

சீனப்பெட்டி குடிப்பது குறைவு, காரணம் அதற்கு அறிவு குறைவு. ஒருவழி ரிமோட், கேன் லைன் பேச்சே கிடையாது, நல்ல லாட்டில் 5 மில்லி ஆம்பியருக்குள் அடங்குகிறது. மற்றதெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டியது. பேட்டரி வயரைக் கத்தியால் லேசாகச் சுரண்டுங்கள். செம்புக்கு அடியில் வெள்ளி நிறம் தெரிந்தால் அது அலுமினியம். அந்த வயரிங்கை அப்படியே வெட்டி எறிந்துவிட்டு 4 சதுர மில்லி செம்பு வயர் போடுங்கள். ஃப்யூஸ் ஹோல்டரையும் மாற்றுங்கள், அதன் தகடு தளர்ந்து சூடாகி ஃப்யூஸ் போவதற்குமுன் ஹோல்டர் உருகும். எந்தப் பெட்டியானாலும் கூடவரும் நீலக் கடிப்புக் கனெக்டரைக் குப்பையில் போட்டு, சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள்.

எஞ்சின் பிடித்துவிட்டதா என்று கிட் தெரிந்துகொள்வதிலும் வித்தியாசம். சீனப்பெட்டி பெரும்பாலும் வோல்டைப் பார்க்கிறது: டைனமோ எழுந்து வோல்ட் ஏறினால் எஞ்சின் ஓடுகிறது என்று அர்த்தம். மாருதி ஸ்மார்ட் ஹைபிரிட் போன்ற வண்டிகளில் வோல்ட் அந்த மாதிரி உடனே ஏறாது. கிட் ஏமாந்து, ஓடுகிற எஞ்சின்மேல் மறுபடி செல்ஃப் அடிக்கும். அந்தக் கரகர சத்தத்தை ஒருதரம் கேட்டால் மறக்காது. எஞ்சினின் சுற்று வேகத்தைப் படிக்கிற டாக்கோ வயர் உள்ள கிட்டையே வாங்கி, இன்ஜெக்டர் வயரில் கோத்து, ஐடிலிங்கில் கற்றுக்கொடுங்கள். மீட்டரை ஏசி (மாறுமின்) வோல்டில் வைத்தால் ஆக்சிலேட்டர் ஏற ஏற எண் ஏறுகிற வயர்தான் அது.

மேனுவல் கியர் வண்டியில் எந்தப் பெட்டிக்கும் சலுகை கிடையாது. கியரில் போட்டு நிறுத்துவது நம் டிரைவர்கள் பழக்கம். அதில் ரிமோட் அழுத்தினால் வண்டி சுவரைத் தள்ளும். ஆகவே ரிசர்வேஷன் மோடு கட்டாயம்: நியூட்ரல், ஹேண்ட்பிரேக், எஞ்சின் ஓடும்போதே சாவியை உருவி, இறங்கிக் கதவை மூடினால் எஞ்சின் தானாக நிற்கும். அதற்குப்பின் எந்தக் கதவு திறந்தாலும் ரிமோட் ஸ்டார்ட் ரத்து. இது வேலை செய்ய நான்கு கதவு சுவிட்சும் கிட்டுக்கு வந்து சேர வேண்டும். கீழ் வேரியண்டுகளில் பின்கதவுக்கு சுவிட்சே இல்லாவிட்டால் புதிதாகப் போடுங்கள், அல்லது வேலையை விட்டுவிடுங்கள். கண்ணாடி திறந்திருந்து யாராவது கைவிட்டு கியரை மாற்றினால் இந்த மோடுக்குத் தெரியாது, அதை வாடிக்கையாளரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சீனப்பெட்டியில் ஆட்டோ, மேனுவல் தேர்வு ஒரு சின்ன வயர் வளையம்தான். அவசரக்கார ஃபிட்டர் ஆட்டோவில் விட்டுவிடுவான். கிளட்ச் சுவிட்சை நிரந்தரமாக ஷார்ட் செய்பவனைக் கடையில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஏஎம்டி-க்கு (கிளட்ச் பெடல் இல்லாமல் தானே கியர் மாற்றும் மேனுவல் கியர்பாக்ஸ்) பார்க் நிலை கிடையாது, கியரிலேயே ஆஃப் ஆகி நிற்கும். அதையும் மேனுவல் கணக்கில் சேருங்கள்.

தெருவில் நிறுத்துகிற வண்டி என்றால் சட்டமும் இடிக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 126-இன்படி பொது இடத்தில் வண்டி நிற்கும்போது ஓட்டுநர் இருக்கையில் உரிமம் உள்ளவர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சினை நிறுத்தி பிரேக் போட்டிருக்க வேண்டும். சொந்தக் காம்பவுண்டுக்குள் மட்டும்தான் என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

ஆகத் தம்பிக்குச் சொல்வது: பொருளாக வைத்துப் பார்த்தால் விலைப்பெட்டிதான் மேல், சந்தேகமே இல்லை. இருந்தாலும் விலை குறைந்தது என்று அதை வாங்கி அடுக்காதீர்கள். தினமும் ஓடுகிற ஆட்டோமேட்டிக் வண்டி, வாசலில் திறந்தவெளி, இப்படி ஆள் வந்தால் ஆர்டரின்பேரில் ஒன்று வரவழைத்துக்கொள்ளலாம், மாட்யூலும் சிம் யூனிட்டும் இல்லாமல். ரேக்கில் வைக்க சீனப்பெட்டி, டாக்கோ வயரும் நான்கு அவுட்புட்டும் உள்ளதாக, வயரை மாற்றும் செலவைச் சேர்த்து விலை போட்டு. லாட்டுக்கு லாட்டு போர்டு மாறும். முதலில் ஒரே பெட்டி வாங்கி, மேஜையில் 12 வோல்ட் கொடுத்துத் தூங்கவிட்டு அளந்துவிட்டு மீதிக்கு ஆர்டர் கொடுங்கள். போர்டின் மேல் அச்சிட்ட எண்ணைப் படம் பிடித்து டீலருக்கு அனுப்பி, "இதே நம்பர்தான் வேணும்" என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.