பிளக் பொயின்ட்: வெறுமனே போடுவதா, யூஎஸ்பியா, வைஃபையா?

இலங்கை மலையகத்தில், கொட்டகலையில் அக்கா வீடு கட்டுகிறார். கூரை போட்டாகிவிட்டது, அடுத்தது வயரிங். கடையிலிருந்து மூன்று விதமான பிளக் பொயின்ட்களை வாங்கிவந்து மேசையில் வைத்து, "எதைப் போடலாம் தம்பி?" என்று கேட்டார். ஒன்று எல்லோருக்கும் தெரிந்த 13 ஆம்பியர் சதுர முனை. 2017 இல் அதைத்தான் நாட்டின் பொதுத் தரமாக அறிவித்தார்கள். இரண்டாவதும் அதேதான், ஆனால் முகப்பிலேயே இரண்டு யூஎஸ்பி துளைகள் இருந்தன. மூன்றாவதில் வைஃபை இருந்தது. போனிலிருந்தே அணைக்கலாம், எத்தனை யூனிட் ஓடியது என்றும் பார்க்கலாம்.

வெறும் பொயின்ட்டைத்தான் போடச் சொன்னேன். முதல் காரணம் இடி.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் நம் பக்கத்தில் பகல் சாப்பாடு முடிந்த கையோடு வானம் இருண்டுவிடும். தோட்டத்து லயத்தில் (வரிசை வீட்டில்) இருந்த காலத்திலிருந்தே அம்மாவுக்கு ஒரு பழக்கம். தூரத்தில் இடி உருண்டாலே டீவி, ரேடியோ, சார்ஜர் எல்லாவற்றையும் கழற்றிவிடுவார். டீவி வயரைச் சுருட்டிப் பெட்டி மேலே போட்டுவிட்டுத்தான், இஸ்தோப்பில் காயும் துணியை எடுக்கப் போவார். சுவருக்குள் இருக்கும் சார்ஜரை அப்படிக் கழற்ற வழியில்லை. அது இருபத்துநாலு மணி நேரமும் லைனோடு ஒட்டிக்கொண்டே இருக்கிறது.

என் கட்டில் பக்கத்தில் யூஎஸ்பி பொயின்ட் ஒன்று போட்டிருந்தேன். போன ஒக்டோபரில் ஒரு மாலை, பக்கத்து மலையில் இடி விழுந்த அதே நொடியில் சுவரில் 'டப்' என்று சத்தம், பின்னாலேயே கருகிய வாடை. மெயினை அணைத்து முகப்பைக் கழற்றினால், உள்ளேயிருந்த சின்னப் பலகையில் ஒரு பாகம் வெடித்து, பெட்டி முழுக்கக் கரி. சுவிட்ச் அணைத்துத்தான் இருந்தது. பல மாதிரிகளில் அந்த சுவிட்ச் சதுர முனைக்கு மட்டும்தான், யூஎஸ்பி பக்கம் எப்போதும் உயிரோடுதான் இருக்கும் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்.

வைஃபை பொயின்ட்டும் இந்த விஷயத்தில் அப்படித்தான். போனில் 'ஆஃப்' என்று காட்டும்போது உள்ளே ஒரு குட்டி ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச், திறந்திருக்கும், அவ்வளவுதான். மின்னல் தள்ளிவிடும் அழுத்தத்துக்கு அந்த இடைவெளி பொருட்டே இல்லை. தவிர, ரிலேயை இயக்கும் சர்க்கியூட் எப்போதும் லைனில்தான் இருக்கிறது. ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்று சிலர் நினைக்கிறார்கள். அது கரண்ட் கசிந்தால் துண்டிக்கும், மின்னலின் திடீர் அழுத்தத்தைத் தடுக்காது. அதற்கு மெயின் போர்டில் தனியாக சர்ஜ் தடுப்பான் வேண்டும், நல்ல எர்த்தும் வேண்டும். பாறை நிலத்தில் நல்ல எர்த் கிடைப்பது அவ்வளவு லேசான காரியமில்லை.

இரண்டாவது, ஆயுள். நல்ல பிளக் பொயின்ட் இருபது முப்பது வருடம் அசையாமல் உழைக்கும். அக்கா வாங்கிய யூஎஸ்பி பொயின்ட்டில் இருப்பது பழைய அகல ஏ துளைகள். இரண்டுக்கும் சேர்த்து 2.1 ஆம்பியர், அதாவது பத்து வாட் சொச்சம். இப்போது வரும் பல போன்கள் 25 வாட்டுக்கு மேலேயே கேட்கின்றன, எல்லாம் சி வகைக்கு மாறிவிட்டன. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பரிலிருந்து புதுப் போன்களுக்கு அதைக் கட்டாயமாகவே ஆக்கிவிட்டது. வெளியே செருகும் சார்ஜர் என்றால் பழையதை மேசை லாச்சியில் போட்டுவிட்டுப் புதியதை வாங்கலாம். சுவரில் இருப்பதை மாற்ற வயரிங் மாமா வர வேண்டும். என் வீட்டுக்கு அவர் வர நான்கு நாள் ஆனது.

வைஃபை பொயின்ட்டின் நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும். ரூம் ஹீட்டர் ஓர் இரவில் எத்தனை யூனிட் தின்கிறது என்று கண்ணால் பார்த்தால்தான் மனிதருக்கு உறைக்கும். ஆனால் அதையே வெளியே செருகும் ஸ்மார்ட் பிளக்கும் செய்கிறது, இடி வந்தால் அதைப் பிடுங்கியும் வைக்கலாம். எதை வாங்கினாலும் ஆம்பியரைப் பாருங்கள். 10 ஆம்பியர் என்றால் நம் 230 வோல்ட்டில் 2300 வாட்தான், பெரிய ஹீட்டரை அதில் மாட்டக் கூடாது. கரண்ட் போய் வந்ததும் தானாக எரியுமா, அணைந்தே இருக்குமா என்பதையும் செட்டிங்கில் பார்த்து வையுங்கள். ஆளில்லாத அறையில் ஹீட்டர் தானாக எரிவது விளையாட்டில்லை. பழைய பங்களாக்களின் கருங்கல் சுவரை வைஃபை தாண்டுவதும் கஷ்டம். கம்பெனி தன் சர்வரை மூடிவிட்டால் பல மாதிரிகளில் போன் வசதியே போய்விடும்.

சரி, சுவருக்குள் யூஎஸ்பி ஜெயிக்கும் இடமே இல்லையா? இருக்கிறது. எல்ல போன்ற சுற்றுலா ஊரில் வெளிநாட்டுக்காரருக்கு அறை விடுபவர்கள் தாராளமாகப் போடலாம். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு பிளக், அடாப்டர் கொடுத்தால் திரும்பி வராது. ஒரு யூஎஸ்பி வயர் எல்லோரிடமும் இருக்கும். நடைபாதையில் விற்கும் லேசான சார்ஜர்களைவிட நல்ல தயாரிப்பான யூஎஸ்பி பொயின்ட் பாதுகாப்பானது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கடைசியில் அக்கா எல்லா அறைக்கும் இரட்டைச் சதுர முனை போடுகிறார். சுவர்ப் பெட்டிகளை மட்டும் 25 மில்லிமீட்டருக்குப் பதிலாக 35 மில்லிமீட்டர் ஆழத்தில் பதிக்கச் சொன்னேன். நாளைக்கு மனம் மாறி, பின்பக்கம் தடித்த யூஎஸ்பியோ வைஃபையோ போட்டாலும் சுவரை உடைக்க வேண்டியதில்லை. டீவி பொயின்ட்டை அவரே ஒரு முழம் மேலே ஏற்றச் சொல்லிவிட்டார். அம்மா குனியாமல் கழற்ற வேண்டுமே.