எண்ணெயும் ஒட்டாத கண்ணாடி: எந்தப் பூச்சு எதற்கு?

சேப்பங்கிழங்கு இலை ஒன்றைப் பறித்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். பாதரசம் போல உருண்டோடும். அதே இலையில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டால் உருளாது. மெதுவாகப் பரவி, அந்த இடம் மட்டும் கரும்பச்சையாகிவிடும். தாமரை இலையிலும் இதே கதைதான். 'தாமரை இலைத் தண்ணீர்' என்று சொன்னவர்கள் எண்ணெயைப் பற்றி வாயே திறக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

காரணம் பரப்பு இழுவிசை. தண்ணீருக்கு அது மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். சமையல் எண்ணெய்க்கு அதில் பாதிகூட இல்லை. இழுவிசை குறைந்த திரவம் தன்னை உருட்டி வைத்துக்கொள்ளாது, கிடைத்த இடத்தில் படுத்துவிடும். தண்ணீர், எண்ணெய் இரண்டும் ஒட்டக் கூடாது, கண்ணாடியும் கண்ணாடியாகவே தெரிய வேண்டும் என்றால் இன்று நான்கு வழிகள் இருக்கின்றன.

முதலாவது நம் கையிலேயே இருக்கிறது. செல்போன் திரையில் சில நானோமீட்டர் தடிமனுக்கு ஏற்றப்படும் ஃபுளோரின் பூச்சு. 2009-இல் ஐஃபோன் 3ஜிஎஸ் இதோடு வந்தது. வழவழப்பான பரப்பில் எந்த ஃபுளோரினைப் பூசினாலும் தண்ணீரின் சேர்கோணம், அதாவது சொட்டின் ஓரம் பரப்போடு செய்யும் கோணம், 120 டிகிரியைத் தாண்டாது. கோணம் பெரிதானால் சொட்டு உருண்டு நிற்கிறது என்று பொருள். எண்ணெய்க்கு இன்னும் குறைவு. ஆகவே கைரேகை விழத்தான் செய்யும், துடைத்தால் சுலபமாகப் போகும், அவ்வளவுதான். தேய்மானம்தான் தொல்லை. என் பழைய போனில் மேல்பாதியில் தண்ணீர் முத்தாக நின்றது, விரல் ஓயாமல் தட்டும் கீழ்ப்பாதியில் சப்பையாகப் படர்ந்தது. ஒரு கடையில் 'நானோ கோட்டிங், 9எச்' என்று பூசிவிட்டார்கள். சில வாரத்தில் பழைய நிலைமைதான். 9எச் என்பது பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனை. எண்ணெய் ஒட்டுமா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இரண்டாவது வழிதான் எனக்கு மிகப் பிடித்தது, ஆனால் வீட்டுக்கு ஆகாது. 2012-இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தார் கண்ணாடியை மெழுகுவர்த்திச் சுடருக்கு மேல் பிடித்துக் கரி படிய வைத்தார்கள். மை கூட்டுவது போலத்தான். கரித்துகள்களின் மேல் சிலிக்கா (மணலில் இருக்கும் அதே சரக்கு) ஓடு கட்டி, 600 டிகிரி செல்சியஸில் சுட்டார்கள். கரி எரிந்து போய் வெறும் ஓடுகள் மிஞ்சின. கறுத்திருந்த கண்ணாடி தெளிந்துவிட்டது. ஓடுகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியவை என்பதால் ஒளி சிதறுவதில்லை. கடைசியில் ஃபுளோரின் ஏற்றியதும் எண்ணெய்கூட 150 டிகிரிக்கு மேல் சேர்கோணத்தோடு உருண்டு நின்றது. உருண்டை ஓடுகளின் அடிவயிற்று வளைவு எண்ணெயை உள்ளே இறங்கவிடாமல் தடுக்கிறது. சொட்டு காற்றின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் பஞ்சு போன்ற அமைப்பு. விரலால் அழுத்தித் தேய்க்கும் இடத்துக்கு இது தாங்காது.

மூன்றாவது, பூச்சி தின்னும் குடுவைத் தாவரத்திடம் கற்றது. மேகாலயாவிலும் இலங்கையிலும் வளரும் செடிதான். அதன் குடுவை விளிம்பு ஈரமாக இருக்கும்போது எறும்பின் கால் நிற்காது. 2011-இல் ஹார்வர்டில் ஜோவானா ஐசன்பெர்க் குழு நுண்துளைப் பரப்பில் மசகு எண்ணெயை ஊற வைத்து அதையே செய்தது. கீறினால் மசகு ஓடிவந்து நொடிக்குள் காயத்தை மூடிவிடுகிறது. மசகின் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்ற அளவு) அடியிலுள்ள பரப்போடு பொருந்திவிட்டால் பரப்பு தெளிவாகவும் தெரிகிறது. சரி, குறை? ஒவ்வொரு சொட்டும் போகிறபோது மசகில் கொஞ்சத்தை இழுத்துக்கொண்டு போகும். தூசியும் வந்து ஒட்டும். சென்னை மொட்டை மாடியில் இருக்கும் சோலார் தகட்டுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

நான்காவதற்கு விளம்பரம் குறைவு. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் மெக்கார்த்தி 2016-இல் காட்டியது: ஒரு சிலேன் (சிலிக்கன் சேர்ந்த வேதிப்பொருள்), கொஞ்சம் அமிலம், ஐசோபுரோப்பனால். கண்ணாடியை முக்கி எடுத்துக் காய வைத்தால் சிலிகோன் சங்கிலிகள் புல் போல முளைத்து நிற்கும். இதில் எண்ணெயின் சேர்கோணம் 40 டிகிரிகூட வராது. படத்தில் பார்த்தால் 'இது தோல்வி' என்பீர்கள். ஆனால் கண்ணாடியைச் சற்றே சாய்த்தால் சொட்டு தடம் வைக்காமல் வழுக்கிப் போகிறது. எவ்வளவு உருண்டு நிற்கிறது என்று பார்த்தே பூச்சுகளுக்கு மதிப்பெண் போடுகிறோம். கேட்க வேண்டியது எந்தச் சாய்வில் நகர்கிறது என்பதை.

இதில் ஃபுளோரினும் இல்லை. அது சின்ன விஷயமல்ல: எளிதில் அழியாத ஃபுளோரின் சேர்மங்களான பிஎஃப்ஓஎஸ் 2009-லும் பிஎஃப்ஓஏ 2019-லும், அழியாமல் தங்கும் நச்சுகளைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைப் பட்டியலில் ஏறிவிட்டன. மற்ற மூன்று வழிகளும் எண்ணெய் என்று வந்ததும் பெரும்பாலும் ஃபுளோரின் குடும்பத்திடம்தான் போய் நிற்கின்றன.

அதனால் சமையலறை ஜன்னலுக்கு என் ஓட்டு நான்காவதுக்கு. ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: அந்தச் சங்கிலியைக் கண்ணாடியோடு கட்டியிருக்கும் சிலிக்கன்-ஆக்சிஜன் பிணைப்பைக் கடுமையான காரம் அறுத்துவிடும். பிசுக்கு எடுக்க வாங்கும் காரமான திரவத்தை அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.