பழைய பேஸ் கேபினெட் வாங்குகிறீர்களா? முதலில் கிரில்லைக் கழற்றச் சொல்லுங்கள்

சென்னையில் பழைய மியூசிக் சாமான் விற்கும் ஒரு கடையில், "500 வாட், ரெண்டு 10 இன்ச் ஸ்பீக்கர், அப்படியே கச்சேரிக்கு எடுத்துட்டுப் போகலாம் சார்" என்று ஒரு பேஸ் கிட்டார் ஆம்ப் செட்டை (ஹெட் என்கிற ஆம்ப்ளிஃபையரும் கேபினெட் என்கிற ஸ்பீக்கர் பெட்டியும் சேர்ந்தது) என் தலையில் கட்டினார்கள். வாங்கப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

வாசித்துக் காட்டியது கடைக்காரரின் பையன். ஸ்லாப் அடித்தான் (கம்பியைக் கட்டைவிரலால் தட்டி வாசிப்பது), பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு மேலேயே, அதாவது மேல் ஸ்வரங்களிலேயே சுற்றிக்கொண்டிருந்தான். பளிச்சென்று கேட்டது. நான் கிட்டாரைக் கையில் வாங்கி மிகத் தடித்த ஈ கம்பியை மீட்டியதும், "ரூம் சின்னது சார், ஹால்ல போட்டா அடி கிளம்பும்" என்றார் கடைக்காரர். அடி என்றால் கனமான கீழ் ஒலி. ஹாலில் டிரம்ஸ் தொடங்கியதும் பேஸைக் காணோம். வால்யூமை ஏற்ற ஏற்ற, கம்பியில் விரல் உரசும் சத்தம்தான் கூடியது.

பேஸின் ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ், சாதாரண கிட்டாரின் தடித்த கம்பிக்கு ஒரு ஸ்தாயி கீழே. ஐந்து கம்பி பேஸில் பி கம்பி 31 வரை இறங்கும். அவ்வளவு தாழ்ந்த ஒலிக்கு நிறையக் காற்றைத் தள்ள வேண்டும், அதற்கு ஸ்பீக்கரின் கோன் (நடுவில் இருக்கும் கூம்பு) முன்னும் பின்னும் நன்றாகப் போய்வர வேண்டும்.

சரி என்று பெட்டியின் முன்னால் ஸ்பீக்கர்களை மூடியிருக்கும் கிரில்லைக் கழற்றினேன். ஒரு ஸ்பீக்கர் ஒரிஜினல். இன்னொன்று கிட்டார் ஆம்பிலிருந்து பிடுங்கியது: ஓரத்தில் மடிப்பு மடிப்பான காகிதம், அழுத்தினால் கொஞ்சம்தான் அசைகிறது. வயரிங் அதைவிடக் கொடுமை. 1.5 வோல்ட் பென்சில் செல்லைப் பெட்டியின் கேபிள் முனையில் ஒரு நொடி தொட்டேன். ஒரு கோன் வெளியே வந்தது, மற்றது உள்ளே போனது. ஒன்றில் பிளஸ் மைனஸை மாற்றி மாட்டியிருக்கிறார்கள்! ஒன்று தள்ளுகிற காற்றை இன்னொன்று இழுத்துக்கொள்ளும், அடி ஸ்வரங்கள் செத்துப்போகும். மேல் ஸ்வரங்களுக்கு அவ்வளவு சேதமில்லை. பையன் ஏன் கீழே இறங்கவே இல்லை என்பது அப்போதுதான் விளங்கியது.

பின்பக்கம் 8 ஓம் என்று ஸ்டிக்கர். மல்டிமீட்டரில் 3.3 வந்தது. 8 ஓம் பெட்டி என்றால் மீட்டரில் ஆறு, ஏழு காட்டும். உள்ளே இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களைப் பேரலலில் (பக்க இணைப்பில்) போட்டிருந்தார்கள், அதாவது மொத்தம் 4 ஓம். ஹெட் தாங்குவதும் குறைந்தது 4 ஓம்தான். ஸ்டிக்கரை நம்பி இன்னொரு 8 ஓம் பெட்டியைச் சேர்த்து மாட்டினால் 2.7க்கு இறங்கும், ஆம்ப் சூடாகி அணையும் அல்லது புகையும்.

அந்த 500 வாட்? பிஎம்பிஓ கணக்கு, அதாவது ஒரு கணம் எட்டும் உச்சத்தை ஊதிச் சொல்வது. தொடர்ந்து தரக்கூடிய ஆர்எம்எஸ் வாட் 150தான். பொய்யே சொல்லாமல் 150 என்றே விற்றிருக்கலாம். வாட் இரண்டு மடங்கானாலும் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். பெட்டியும் ஸ்பீக்கரும் சரியில்லாமல் வாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஹெட்டுக்கும் பெட்டிக்கும் இடையே மாட்டக் கொடுத்ததும் சாதாரண கிட்டார் கேபிள்தான். உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி ஸ்பீக்கர் கரண்ட்டுக்கு ஆனதல்ல.

திருப்பிக் கொண்டுபோனால், "நீங்களே கழட்டிட்டீங்க, இனி எடுத்துக்க மாட்டோம்" என்றார்கள். பில் வெள்ளைத் தாளில், "ஆம்ப் செட் 1" என்று மட்டும். மாடல், ஓம், ஆர்எம்எஸ் மூன்றையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள், எழுதத் தயங்கினால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். நான் வயரை மாற்றி மாட்டிவிட்டேன், அடி கொஞ்சம் வருகிறது. ஆனால் ஈ கம்பியை ஓங்கி அடித்தால் அந்தக் கிட்டார் ஸ்பீக்கர் படபடக்கிறது. ஒரிஜினலுக்கு ஜோடியாக ஒரு 10 இன்ச் பேஸ் ஸ்பீக்கர் தேடிக்கொண்டிருக்கிறேன்.