சித்தியின் நெஞ்சுக்குள் ஆடிய கட்டி

பாளையங்கோட்டைக்கு 3 வார லீவில் போனேன். அதில் பாதி நாள் சித்தியின் எக்கோவோடு, அதாவது இதய ஸ்கேனோடு போய்விட்டது.

6 மாதமாக அவளுக்கு மூச்சு வாங்குகிறது. 'வீசிங்' என்று இன்ஹேலர் கொடுத்திருந்தார்கள். கோவிலில் குனிந்து நிமிர்ந்தவள் மயங்கி விழுந்த பிறகுதான் எக்கோ எழுதினார்கள். முதலில் போன ஸ்கேன் சென்டரில் டோக்கன் போட்ட அரை மணி நேரத்தில் எடுத்துவிட்டார்கள். டொராண்டோவில் என் எக்கோவுக்கு 7 வாரம் காத்திருந்தவன் நான், அசந்துபோனேன். ஆனால் ரிப்போர்ட்டில் ஒரே வரி: இதயத்தின் இடது மேலறையில் கட்டி, உறைந்த ரத்தமாக இருக்கலாம். கவுன்டரில் கேட்டால், "உங்க டாக்டர்ட்ட காட்டுங்க சார்" என்று அடுத்த டோக்கனைக் கூப்பிடுகிறார்கள். ஸ்கேன் எடுத்தவர் கிளம்பிவிட்டாராம். கட்டி என்றாலே எங்கள் வீட்டில் கேன்சர்தான். அன்றிரவு யாரும் சாப்பிடவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மறுநாள் வேறு ஆஸ்பத்திரி. எக்கோ எடுத்தவர் சின்ன வயசு டாக்டர். "ஆச்சி, இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க" என்றவர், 40 நிமிடம் விடாமல் பார்த்தார். அப்புறம் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். மேலறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் காம்பு வைத்து ஒரு உருண்டை தொங்குகிறது. வால்வு திறக்கும்போதெல்லாம் கீழறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறது. ஊஞ்சல்தான்.

"ரத்தம் உறைஞ்சா பெரும்பாலும் மேலறையோட ஓரப் பையில, ரத்தம் தேங்குற இடத்துல இருக்கும். வால்வு சுருங்கினவங்க, துடிப்பு தாறுமாறா இருக்கிறவங்களுக்குத்தான் அது அதிகம். ஆச்சிக்கு ரெண்டும் இல்ல. இது காம்போட ஆடுது, மிக்சோமாங்கிற இதயக் கட்டி மாதிரி தெரியுது. கேன்சர் இல்ல" என்றார். அது வால்வை அடைப்பதால்தான் மூச்சு வாங்கலும் மயக்கமும். துணுக்கு உடைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும், அதனால் தள்ளிப்போடாமல் எடுத்துவிட வேண்டும் என்றார். தொண்டை வழியாகக் குழாய் விட்டு எடுத்த எக்கோவில் காம்பு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. ஆபரேஷனுக்காக நான் டிக்கெட்டைத் தள்ளிப்போட்டேன். நல்லபடி முடிந்தது. எடுத்த கட்டியை லேபில் பார்த்து மிக்சோமாதான் என்று உறுதி செய்தார்கள்.

டொராண்டோவில் எனக்கு ஸ்கேன் எடுத்தவர் அத்தனை மரியாதையாக நடந்துகொண்டார். என்ன தெரிகிறது என்று கேட்டதற்கு மட்டும், "ரிப்போர்ட் உங்கள் டாக்டருக்குப் போகும்" என்றார். இங்கே அந்தச் சின்ன வயசு டாக்டர் திரையைத் திருப்பியதும் சித்தி ஜெல்லைக்கூடத் துடைக்காமல் எழுந்து உட்கார்ந்து, "இதுவாய்யா என்னைக் கீழ தள்ளுச்சு? இன்னொரு தடவ காட்டு" என்றாள். அவர் மறுபடி ஓடவிட்டுக் காட்டினார்.