லிஸ்டர் 6/1 ஆயில் எஞ்சின்: முழுசாகக் கழற்றி மாட்டியவனின் கருத்து

பழைய லாரி, பழைய மெஷின் என்றாலே எனக்குக் கை பரபரக்கும். எண்ணூரில் செய்த லேலண்ட் காமெட் லாரி ஒன்றைப் பழைய கோலத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. ஆனால் லாரிக்கு இடம் வேண்டும், 2021ல் வந்த விண்டேஜ் வண்டிப் பதிவு விதியும் சொந்த உபயோக வண்டிகளுக்குத்தான், லாரிக்குக் கிடையாது. சரி, முதலில் ஒரு எஞ்சினில் கை வைப்போம் என்று, மூடிப்போன அரிசி மில்லில் கிடந்த இந்த லிஸ்டரை எடுத்தேன். காயலான் கடைக்காரர் எடை போட்டு விலை பேசிக்கொண்டிருந்த நேரத்தில் போய் நின்றதால் கிடைத்தது.

இங்கிலாந்தில் டர்ஸ்லி என்ற ஊரில் செய்தது. ஒற்றை சிலிண்டர், 6 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 650 சுற்று, போர் (சிலிண்டரின் உள்விட்டம்) நாலரை அங்குலம். இரண்டு சுற்றுக்கு ஒரு வெடி, ஆக 650 சுற்று என்றால் நிமிடத்துக்கு 325 வெடி. ஒவ்வொரு வெடியும் தனித்தனியாகக் காதில் விழும். அந்த நிதானம்தான் இதன் பலம். அதிகம் சூடாகாது, அதிகம் தேயாது.

வந்தபோது ஃபிளைவீல் என்ற கனத்த சக்கரம் ஒரு அங்குலம்கூட நகரவில்லை. சிலிண்டருக்குள் டீசல் ஊற்றி ஒன்பது நாள் ஊறவிட்டேன். பத்தாம் நாள் இரண்டு பேர் சேர்ந்து தள்ளியதும் 'டொக்' என்று விட்டுக்கொடுத்தது. அப்புறம் பிளாக்கைத் திறந்தால், தண்ணீர் ஓட வேண்டிய அறை முழுக்க வெள்ளை உப்பு. போர்வெல் தண்ணீரிலேயே ஓடியிருக்கிறது. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டிச் சுரண்டி இரண்டு கொட்டாங்கச்சி நிறைய எடுத்தேன். இதற்குத் தண்ணீர் பம்பே கிடையாது, சூடான தண்ணீர் தானாக மேலேறித் தொட்டிக்குப் போய், குளிர்ந்தது கீழே இறங்கி வர வேண்டும். வழி அடைத்தால் கதை முடிந்தது, ஆகவே யார் வாங்கினாலும் முதலில் அங்கே பாருங்கள்.

பெயிண்டைச் சுரண்டியது தனி அனுபவம். நீலம், சிவப்பு, சாம்பல், எல்லாவற்றுக்கும் அடியில் லிஸ்டரின் அந்தக் கரும்பச்சை. பித்தளைத் தகட்டைப் புளி போட்டுத் தேய்த்ததும் சீரியல் நம்பர் பளிச்சென்று தெரிந்தது.

கற்றுக்கொள்ள இதைவிட நல்ல எஞ்சின் எனக்குத் தெரியவில்லை. பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு), பிக் எண்ட் (பிஸ்டன் கம்பி அதோடு சேரும் இடம்) எல்லாம் கண்ணுக்கு முன்னால். இரண்டு பக்கமும் டேப்பர் ரோலர் பேரிங், ஆட்டம் இருந்தால் ஷிம் (மெல்லிய தகடு) எடுத்துச் சரிசெய்யலாம். சிலிண்டரின் மேல் மூடியான ஹெட்டில் ஒரு சின்னக் கைச்சக்கரம் இருக்கும், ஸ்டார்ட் செய்யும்போது அதை உள்ளே திருகினால் அழுத்தம் கூடும், சூடேறி லோடு ஏற்றும்போது வெளியே திருகிவிட வேண்டும். ஸ்டார்ட் செய்யும் ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டை விரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள். ஹேண்டில் திருப்பி அடித்தால் விரல் போய்விடும்.

உதிரி பாகங்களுக்குக் கவலையில்லை. ராஜ்கோட்டில் இந்த டிசைனை இன்னும் வார்க்கிறார்கள், டீசல் பீச்சும் நாசில், பிஸ்டன் ரிங் செட், கேஸ்கெட் எல்லாம் கிடைக்கும். தரத்தில்தான் கண் வேண்டும். நான் ஒரு கடையில் வாங்கிய புது ஹெட்டின் தண்ணீர் வழியில் வார்ப்பு மணல் அப்படியே ஒட்டியிருந்தது, தட்டினால் பொலபொலவென்று கொட்டியது. திருப்பிக் கொடுத்துவிட்டு, விரிசல் இல்லாத பழைய ஹெட்டையே லேத் பட்டறையில் முகம் சமப்படுத்தி, வால்வுகளை உரசிப் பொருத்தி (லேப்பிங்) மாட்டினேன். பழைய வார்ப்பு நன்றாக இருந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள்.

மூன்று மாதம் ஆனது. போன ஞாயிறு காலை, அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிப் பிடித்து நான்கு சுற்று சுற்றி லீவரை விட்டேன், கறுப்பாக ஒரு புகை, அடுத்தது டுக்... டுக்... டுக் என்று பிடித்துக்கொண்டது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் சத்தம் கேட்டே வேலிக்கு வந்து, "தம்பி, மில் எஞ்சினா?" என்றார். அரைமணி நேரம் நின்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

வாங்க நினைப்பவர்கள் தகடு இருக்கிறதா, ஃபிளைவீல் ஆரக்காலில் விரிசல் உண்டா என்று இரண்டையும் பாருங்கள். விரிசல் இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். எடுத்துவர, பாரம் தூக்கும் செயின் பிளாக்கும் நான்கு ஆளும் கட்டாயம் வேண்டும்.