கீட்ஸை அறிய எதை வாங்கலாம்: வரலாற்று நூலையா, கடிதங்களையா?

ஆங்கிலக் கவிஞர் ஜான் கீட்ஸின் வாழ்க்கை வரலாறு ஒன்றைப் பிடிவாதமாகக் கடைசிப் பக்கம் வரை படித்து, ஏமாற்றத்தோடு மூடி வைத்த பிறகே அவருடைய கடிதத் தொகுப்பை வாங்கினேன். முதலில் கடிதங்களை வாங்கியிருக்க வேண்டும். வரலாற்று நூலின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. அதன் ஆசிரியர் உழைப்பில் குறை வைத்தவர் அல்லர்.

செலவைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. கடிதங்களின் பழைய பதிப்புகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இளமைக்காலத்துக்கு வரலாற்று நூல்தான் வேண்டும்: 1804இல் தந்தை குதிரையிலிருந்து விழுந்து இறந்தது, 1810இல் தாயைக் காசநோய் கொண்டுபோனது, கீட்ஸ் மருத்துவம் பயின்றது ஆகியவற்றைக் கடிதங்களிலிருந்து கோவையாக அறிய முடியாது.

எனக்குத் தீர்மானமாக அமைந்தது வேறொன்று. 1821 பிப்ரவரி 23 அன்று, இருபத்தைந்து வயதில், ரோம் நகரில் கீட்ஸ் இறக்கப்போகிறார் என்பது வரலாற்றாசிரியருக்குத் தெரியும். கடிதம் எழுதும் கீட்ஸுக்குத் தெரியாது. நான் படித்த நூலில் சாதாரண இருமல்கூடச் சகுனமாகி, முதல் அத்தியாயத்திலேயே சாவு வீட்டின் அமைதி வந்துவிடுகிறது. 1819 பிப்ரவரி 14 முதல் மே 3 வரை, அமெரிக்காவில் குடியேறிய தம்பி ஜார்ஜுக்கும் அவர் மனைவிக்கும் எழுதிய நீண்ட கடிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இளைய தம்பி டாம் இறந்து மூன்று மாதங்கள்கூட ஆகாத நிலையில் தொடங்கிய அந்தக் கடிதத்தில், கிரிக்கெட் ஆடிக் கண் கறுத்துப்போன கதையும், கவிஞர் கோலரிட்ஜோடு ஏறத்தாழ இரண்டு மைல் நடந்தபோது அவர் ஓயாமல் பேசியதும், 'லா பெல் டாம் சான்ஸ் மெர்சி' கவிதையும், இவ்வுலகை ஆன்மாக்கள் உருவாகும் பள்ளத்தாக்காகக் காணும் சிந்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. வரலாற்று நூலோ அதைக் காதல், தத்துவம், நோய் என்று அறுத்து மூன்று அத்தியாயங்களுக்குப் பங்கிட்டுவிட்டது.

அதே கடிதத்தில், அணையப்போகும் கணப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பதையும், தம் பாதங்கள் விரிப்பின் மேல் எப்படி இருக்கின்றன என்பதையும் விவரிக்கும் கீட்ஸ், ஹாம்லெட்டின் புகழ்பெற்ற தனிமொழியை எழுதத் தொடங்கியபோது ஷேக்ஸ்பியர் எப்படி உட்கார்ந்திருந்தார் என்று தெரிந்தால் எவ்வளவு மகிழ்ச்சி என்கிறார். வாழ்க்கை வரலாற்றில் தமக்கு என்ன வேண்டும் என்பதை அவரே சொல்லிவிட்டார். என்னிடமுள்ள நூலில் அந்தப் பகுதி இல்லை.

நான் முழுமையாகப் படித்த கீட்ஸ் வரலாறு இது ஒன்றே என்பதால், மற்ற வரலாறுகளுக்கும் இதே தீர்ப்பை எழுத மாட்டேன். கடிதங்களையும் அப்படியே நம்பிவிட முடியாது: கீட்ஸ் காதலித்த ஃபேனி பிரான் அவருக்கு எழுதியவை நம்மிடம் இல்லாததால், அந்தக் காதலில் ஒரு குரல் மட்டுமே கேட்கிறது.

கீட்ஸின் கடைசிக் கடிதம் 1820 நவம்பர் 30 தேதியிட்டது. எஞ்சிய பன்னிரண்டு வாரங்களை அறிய, உடனிருந்து பணிவிடை செய்த ஓவியர் ஜோசப் செவர்னின் எழுத்துகளையே நாட வேண்டும். வரலாற்று நூல் அவற்றை ஒழுங்காகத் தொகுத்துத் தருகிறது. பழைய புத்தகக் கடைக்குப் போட எடுத்துவைத்த அந்தப் பிரதி இன்னும் என் அலமாரியில் இருப்பது அந்த ஓர் அத்தியாயத்துக்காகத்தான்.