400 கிலோமீட்டரா, 35,786 கிலோமீட்டரா?

மொட்டை மாடியில் டிஷ் மாட்ட வருபவர் போல்ட்டை இறுக்கிவிட்டுப் போனால் அதோடு சரி. குரங்கு ஏறி ஆட்டாதவரை அதை யாரும் தொடுவதில்லை. அதே மாடியில் சில நாட்கள் அந்தி சாய்ந்ததும் நின்று பார்த்தால், சர்வதேச விண்வெளி நிலையம் மினுக்காத ஒரு வெளிச்சப் புள்ளியாக ஐந்தாறு நிமிடத்தில் வானத்தைக் கடந்துபோகும். டிஷ் பார்த்துக்கொண்டிருக்கும் செயற்கைக்கோளோ இம்மி நகராது. இரண்டையும் பிடித்து வைத்திருப்பது ஒரே ஈர்ப்புவிசைதான்.

விண்வெளி நிலையம் இருப்பது சுமார் 400 கி.மீ. உயரத்தில். நொடிக்கு 7.7 கி.மீ. வேகம், 92 நிமிடத்துக்கு ஒரு சுற்று. அங்கே ஈர்ப்பே இல்லை என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். உண்மையில் தரையில் உள்ளதில் 89 சதவீதம் அங்கும் உண்டு. நிலையமும் ஆட்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால்தான் மிதப்பதுபோலத் தெரிகிறது. பக்கவாட்டில் அவ்வளவு வேகமாகப் போவதால், விழ விழ பூமியும் வளைந்து விலகிவிடுகிறது.

டிவி செயற்கைக்கோள் 35,786 கி.மீ. உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே. அங்கே ஈர்ப்பு ஏறக்குறைய 44-ல் ஒரு பங்குதான். இழுப்பு குறைவு என்பதால் நொடிக்கு 3.07 கி.மீ. போதும். ஒரு சுற்றுக்கு 23 மணி 56 நிமிடம். பூமி தன்னைத்தானே சுற்றவும் அதே நேரம்தான். டிஷ்ஷை ஒருமுறை திருப்பி வைத்தால் போதுமானது அதனால்தான்.

எனக்குப் பிடித்த கணக்கு ஆற்றல் செலவுக் கணக்கு. ஒரு கிலோவை 400 கி.மீ. உயரத்துக்குத் தூக்க மட்டும் 3.7 மெகாஜூல், அங்கே சுற்றும் வேகத்தைக் கொடுக்க 29 மெகாஜூல். மேலே போவது சல்லிசு, அங்கேயே தங்குவதுதான் செலவு! 35,786-க்குப் போனால் கணக்கு தலைகீழ்: தூக்க 53, வேகத்துக்கு வெறும் 4.7. உயரம் 90 மடங்கு, மொத்த ஆற்றல் இரண்டு மடங்குகூட இல்லை. தூரம் கூடக்கூட ஈர்ப்பு அவ்வளவு சீக்கிரம் தளர்ந்துவிடுகிறது.

ஆனால் ராக்கெட்டுக்கு இது லேசான வேலை இல்லை. இஸ்ரோவின் எல்விஎம்3 தாழ்வான பாதைக்கு சுமார் 8 டன் ஏற்றும். உயரப் பாதைக்கென்றால் சுமார் 4 டன்தான், அதையும் பாதி வழியில் விட்டுவிடும். மிச்சத்தைச் செயற்கைக்கோள் தன் எரிபொருளிலேயே ஏற வேண்டும்.

சரி, எது மேல்? வங்கக் கடலில் புயல் சுழல்வதைக் கண் எடுக்காமல் பார்க்க உயரப் பாதைதான். வீடியோ அழைப்புக்கு நான் அதை எடுக்க மாட்டேன்: சிக்னல் மேலே போய்த் திரும்பவே கால் நொடி, கேள்விக்குப் பதில் வர அரை நொடி. செயற்கைக்கோள் 550 கி.மீ.யில் இருந்தால் சிக்னல் ஏறி இறங்கச் சில மில்லிநொடிகள்தான். ஆனால் அங்கே ஒரு செயற்கைக்கோள் தலைக்கு மேல் வந்து சில நிமிடத்தில் மறைந்துவிடுவதால், ஆயிரக்கணக்கில் அனுப்ப வேண்டியிருக்கிறது.

கீழே காற்றின் தொல்லையும் உண்டு. 2022 பிப்ரவரியில் சூரியப் புயலால் மேல் வளிமண்டலம் உப்பி, புதிதாக ஏவிய ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய 40 விழுந்து எரிந்தன. உயரப் பாதையில் எதுவும் தானாக விழாது. கீழே இறக்க நொடிக்கு 1.5 கி.மீ. அளவுக்கு வேகத்தைக் குறைக்க வேண்டும், அதற்கு எரிபொருள் இருக்காது. அதனால் ஆயுள் முடிந்ததும் மிச்சச் சொட்டில் இன்னும் 300 கி.மீ. மேலே தள்ளி, அங்கேயே சுற்றட்டும் என்று விட்டுவிடுகிறார்கள்.